மூக்குக் கவி வூட்டு பிரெட்

பதினோராவது பிரெட்டில்தான் கோகிலவாணி தன் புருஷனைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

முதல் பத்தில் அவளுக்குப் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. கவியரசன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனாலேயே அவன் சொன்ன ஒரே ஒரு பொய் ஒரு மாசத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

கார்த்திகை மழையில் அவனுக்கு ஜுரம் வந்தது. ஆறு நாள் படுக்கை. ஜுரம் என்றால் ஊரில் என்ன செய்வார்களோ அதையே கோகிலாவும் செய்தாள். கடையில் ஒரு பாக்கெட் பிரெட் வாங்கிப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். ஏழாம் நாள் ஜுரம் விட்டது. எட்டாம் நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"பிரெட்டு இருக்கா?"

"ஜொரந்தான் போயிடுச்சே?"

"இருக்கான்னா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு."

அன்றையிலிருந்து பிரெட்தான். சோற்றைப் பார்த்தால் முகத்தைச் சுளித்தான். ஆள் இளைத்துக்கொண்டே போனான். சட்டை தோளில் நிற்கவில்லை. மார்கழிக் கடைசியில் தங்கதுரையின் வெல்ல ஆலை அடுப்பு பற்றவைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் கொப்பரைக்குப் பதம் சொல்கிறவன் கவியரசன். கொதிக்கிற கரும்புப் பாகு எந்த நொடியில் வெல்லமாகும், எந்த நொடியில் அடிபிடிக்கும் என்று பத்தடி தள்ளி நின்றே மூக்கால் சொல்லிவிடுவான். ஊரில் அவன் பெயரே மூக்குக் கவி. இப்படிக் காய்ந்த குச்சியாக அடுப்பனலில் போய் நின்றால் ஆள் சுருண்டு விழுவான் என்று அவள் பயந்தாள்.

பிரெட்தான் இறங்குகிறது என்றால் அதையாவது நல்ல பிரெட்டாகக் கொடுப்போம். பரண் மேல் அட்டைப் பெட்டியில் இரண்டு வருஷமாகக் கிடந்ததை இறக்கினாள். அவள் தம்பி இளஞ்செழியன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பிரெட் மெஷின். ஒரு சின்ன வாளி அளவு. மாவு, தண்ணீர், ஈஸ்ட் போட்டு மூடினால் அதுவே பிசையும், அதுவே சுடும். "ரொட்டி சுடறதுக்கு ஒரு பொட்டியா, ஜொரம் வந்தா பாத்துக்கலாம்" என்று அன்றைக்குப் பரணில் ஏற்றியவனே கவியரசன்தான்.

முதல் பிரெட் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரி தேவிப்ரியாவுக்கு ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இன்னாக்கா, பிரெட்டா? யாருக்கு ஜொரம்?"

"யாருக்கும் இல்ல. தின்னு பாரு."

தேவிப்ரியா மென்றாள். ரொம்ப நேரம் மென்றாள்.

"சட்டைத் தோள்ல வெக்கிற பஞ்சு இருக்கில்ல..."

"போதும், வாய மூடு."

வீட்டில் கவியரசன் சொன்னது: "நல்லாருக்கு."

இரண்டாவது பிரெட் கருகியது. அந்த மெஷினில் ஓரம் எவ்வளவு சிவக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டன் உண்டு. அது கடைசி அளவில் சிக்கிக்கொண்டு அசைய மறுத்தது. விட்டால் கரியாக்கிவிட்டுத்தான் பீப் அடிக்கும். மூடியில் உள்ள கண்ணாடியும் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது. ஆகவே மூக்கை நம்பி, சரியான சமயத்தில் ப்ளக்கைப் பிடுங்க வேண்டும். கோகிலா மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் இட்லி மாவு வாசனை வரும். அப்புறம் காய்ச்சின பால். அப்புறம் வறுத்த வேர்க்கடலை. வேர்க்கடலைக்கும் கருகலுக்கும் நடுவில் இன்னொன்று இருந்தது. அதற்குப் பெயர் கிடையாது. மூக்கு நுனியில் ஊசி தொட்ட மாதிரி லேசாக ஒரு சுருக். அது வந்து இரண்டு நிமிஷத்துக்குள் பிடுங்கினால் பிரெட் பொன்னிறம். தாண்டினால் கசப்பு. இரண்டு பிரெட்டைப் பலி கொடுத்து இதைக் கற்றுக்கொண்டாள்.

நான்காவதில் உப்புப் போட மறந்துவிட்டாள். கவியரசன் ஒரே வாயில் கண்டுபிடித்தான்.

"உப்பே இல்ல."

அவளுக்கு நிம்மதி. நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு பிரெட்டில்தான்.

தேவிப்ரியா தைத்துக்கொண்டே போனில் வீடியோ பார்க்கிறவள். துப்பு அவளிடமிருந்துதான் வந்தது.

"அக்கா, ஈஸ்ட்ட பாதியா கொறைக்கணுமாம். அவசரமா பொங்க வெச்சா ருசி வராதாம். மெதுவா புளிக்கணுமாம்."

"இத சொல்றதுக்கு ஒரு வீடியோவா? இட்லிக்கு மாவரைக்கிறவ எவளுக்கும் தெரியுமே இது."

"தெரிஞ்சி ஏன் செய்யல?"

மெஷின் மூன்று மணி நேரம் என்று சொன்னது, அவளும் மூன்று மணி நேரம் என்று நம்பினாள். இட்லி மாவிடம் காட்டுகிற பொறுமையை மைதா மாவிடம் காட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு அவள் மெஷின் பேச்சைக் கேட்கவில்லை. சாயங்காலம் பிசைகிற பட்டனை மட்டும் அமுக்கி, பிசைந்து முடித்ததும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவாள். மார்கழிப் பனியில் மாவு விடிய விடிய மெதுவாகப் புளிக்கும். காலையில் சுடுகிற பட்டன். ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி மாவை எடுத்து வைத்து அடுத்த பிசைதலில் சேர்த்தாள். சர்க்கரைக்குப் பதில் போன வருஷம் கவியரசன் பதம் பார்த்த வெல்லம். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வரும் கேழ்வரகை வறுத்து அரைத்து இரண்டு கைப்பிடி.

ஒன்பதாவது பிரெட்டைப் பிய்த்ததும் தேவிப்ரியா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அக்கா."

"இன்னா, பஞ்சா?"

"சும்மா இருக்கா. இன்னொரு துண்டு குடு."

பத்தாவது பிரெட்டுக்கு அவளே தட்டோடு வந்து நின்றாள்.

கவியரசன் ஒன்பதாவதுக்கும் சொன்னான், "நல்லாருக்கு." பத்தாவதுக்கும் சொன்னான், "நல்லாருக்கு." முதல் பிரெட்டுக்கு எந்தக் குரலில் சொன்னானோ அதே குரல்.

அந்தக் குரல்தான் கோகிலாவை உறுத்தியது. பஞ்சுக்கும் இதற்கும் ஒரே நல்லாருக்கா?

*

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சின்னசேலம் போய் மளிகை வாங்கி வந்தாள். பஸ்ஸில் நல்ல கூட்டம். மைதாவும் கேழ்வரகும் கட்டு ஊதுபத்தியும் ஒரே மஞ்சள் பையில், மேலே ஒரு ஆள் முட்டியோடு, ஒரு மணி நேரம் நசுங்கிக்கொண்டு வந்தன. வீட்டுக்கு வந்து மாவை டப்பாவில் கொட்டினாள். சாயங்காலம் பிசைந்தாள். புதன்கிழமை காலையில் மெஷின் சூடேறியதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

வீடு முழுக்க ஊதுபத்தி. இட்லி மாவு வாசனையைக் காணோம். வேர்க்கடலையைக் காணோம். யாரோ மெஷினுக்குள் பூஜை போட்ட மாதிரி மல்லிகை ஊதுபத்தி வாசனை குப்பென்று அடித்தது.

கதவில் தலையை நீட்டினாள் தேவிப்ரியா. "இன்னாக்கா, காலங்காத்தால சாமி கும்புட்டுக்கினு இருக்கியா?" தட்டைக் கீழே வைத்து, சுட்டு வந்த பிரெட்டில் ஒரு துணுக்கை வாயில் போட்டாள். போட்ட வேகத்தில் வெளியே ஓடித் துப்பினாள். "தூ! சாமி படத்தக் கடிச்ச மாதிரி இருக்குது!"

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேவிப்ரியா போனதும் கோகிலா பிரெட்டை மாட்டுக்கு வைக்கலாமா, மாடாவது தின்னுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கவியரசன் குளித்துவிட்டு வந்தான். தட்டில் இருந்ததை எடுத்தான். தடுக்க வாய் திறந்தவள், ஏனோ திறந்தபடியே நின்றாள்.

ஒரு துண்டு. மென்றான். விழுங்கினான். இரண்டாவது துண்டு.

"எப்பிடிங்க இருக்கு?"

"நல்லாருக்கு."

"வாசன?"

அவன் கை அரை நொடி நின்றது. "நல்லாருக்கு. பால் ஊத்தினியா? பால் வாசன வருது."

அன்றைக்கு அவள் பால் ஊற்றவில்லை.

அவள் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. முக்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். ஒரு மாசம் பின்னோக்கி ஓடியது மனசு. கருவாட்டுக் குழம்பு. பக்கத்து வீட்டில் பால் பொங்கிக் கருகியபோது இவன் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உப்பு இல்லை என்று சொன்னவன் ஊதுபத்தியைச் சொல்லவில்லை. நாக்கு இருக்கிறது. மூக்கு இல்லை.

"எத்தினி நாளா?"

"இன்னாது எத்தினி நாளா?"

"கவி." எப்போதாவதுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "இந்த பிரெட்டுல ஊதுபத்தி நாத்தம் தாங்கல. தெருவே சிரிக்குது. நீ பால் வாசனங்கிற."

அவன் தட்டைத் தரையில் வைத்தான். வாய்க்கால் பக்கம் கரும்பு வண்டி போகிற சத்தம் கேட்டது.

"ஜொரத்தோட போச்சி. கள்ளக்குறிச்சி டாக்டரு, சிலருக்கு இப்பிடி ஆவும், வந்தாலும் வரும், பாக்கலாம்னாரு. வரும்னுதான் பாத்துக்கினு இருக்கேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"உங்கிட்ட சொன்னா அது நெசமாயிடும்."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சோறு ஏன் எறங்கலன்னு கேப்பியே," அவனே தொடர்ந்தான். "கொழம்ப வாயில வெச்சா, இருந்தது ஒண்ணு இல்லன்னு தெரியுது. இன்னா இல்லன்னு தேடிக்கினே திங்கணும். பிரெட்டுல ஒண்ணும் இருக்காதுன்னு முன்னாடியே தெரியும். ஏமாத்தம் கெடையாது. அதான்."

ஒன்றும் இருக்காது என்று நம்பி அவன் தின்ற பிரெட்டில்தான், இருப்பதையெல்லாம் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தாள் அவள். பனி, வெல்லம், வெள்ளிமலைக் கேழ்வரகு. கோகிலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நாளைக்கு ஆலை."

"தெரியும்."

"மொதலாளிகிட்ட சொல்லிடுங்க."

"இன்னான்னு? மூக்குக் கவிக்கு மூக்கு இல்லன்னா? மீதி இன்னா இருக்கு எங்கிட்ட?" அவன் எழுந்துகொண்டான். "தண்ணியில விட்டு உருட்டிப் பாப்பேன். கொமிழி பாப்பேன். எல்லாரும் அப்பிடித்தான் பாக்கிறான். நீ வாயத் தொறக்காத."

தண்ணீரில் உருட்டிப் பார்த்தால் பதம் தெரியும். அடியில் பிடிக்கிறதா என்பது தெரியாது. அதை மூக்குதான் சொல்லும். பதினெட்டு வருஷம் அவனோடு வாழ்ந்தவளுக்கு அது தெரியும். அடிபிடித்தால் கொப்பரை முழுக்கக் கசந்து போகும். அதோடு அவன் பெயரும்.

"நானும் வரேன்," என்றாள்.

"நீ எதுக்கு? அடுப்பு தள்ற கண்ணாயிரம் கை கொட்டிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சோறு எறங்காத மனுஷனுக்கு டிபன் தூக்கிக்கினு பொண்டாட்டி வரக்கூடாதா?"

*

வியாழக்கிழமை காலை. தங்கதுரையின் கரும்புக் கொல்லை ஓரம் ஆலைக் கொட்டகை. ஒரு ஆள் படுத்துப் புரளலாம் போல அகலமான இரும்புக் கொப்பரையில் கரும்புச் சாறு பொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு வாயில் கண்ணாயிரம் உட்கார்ந்து காய்ந்த சக்கையை அள்ளி அள்ளித் தீயில் போட்டான். தங்கதுரை நாற்காலி போட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா கோகிலா! இன்னா, புருஷன நம்பி வெளிய அனுப்ப மாட்டியா?"

"சாப்பாடு கொண்டாந்தேன்ங்க."

"இன்னா மூக்கு, கல்யாணம் ஆன புதுசா?" கண்ணாயிரம் பல்லைக் காட்டினான். கவியரசன் திரும்பவில்லை. துடுப்பைப் பிடித்துக் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் இமைக்கவில்லை. அவனை அப்படி அவள் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமும் ஊர்க்கதை பேசிக்கொண்டே, கொப்பரையைப் பார்க்காமலே வேலை செய்தவன்.

கோகிலா கொப்பரை ஆவி காற்றில் வரும் பக்கமாகப் பார்த்துத் தூணில் சாய்ந்து நின்றாள். டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

சாறு அழுக்கு நுரை தள்ளியது. எடுத்துக் கொட்டினார்கள். பச்சை வாசனை போயிற்று. நுரை மஞ்சளாகி, பாகு கெட்டியாகத் தொடங்கியது. கவியரசன் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினான். கரைந்தது. இன்னும் வரவில்லை.

காய்ச்சின பால். கோகிலாவுக்கு மூக்கில் தட்டியது. இதுவும் அப்படித்தானா? பத்து நிமிஷத்தில் வறுத்த வேர்க்கடலை. அவள் தூணைவிட்டு நகர்ந்தாள்.

கவியரசன் மறுபடி தண்ணீரில் விட்டான். உருண்டை பாதி பிடித்தது, பாதி கலைந்தது. "இன்னும் கொஞ்சம்," என்றான். கண்ணாயிரம் இரண்டு கை சக்கையை உள்ளே தள்ளினான். தீ சீறியது.

அப்போது வந்தது.

சுருக். மூக்கு நுனியில் ஊசி.

அவள் கவியரசனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியவில்லை. தங்கதுரையைப் பார்த்தாள். கொட்டகை முழுக்கப் புகை, அவருக்கும் தெரியவில்லை. அவள் மெஷினில் இரண்டு நிமிஷம். இந்தத் தீயில் எவ்வளவோ? வாயைத் திறந்தால் அவன் மூடி வைத்ததெல்லாம் இந்தக் கொட்டகையில் கொட்டிவிடும். திறக்காவிட்டால் கொப்பரை கருகி, அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். வாயத் தொறக்காத என்று அவன் சொன்னது காதில் கேட்டது.

"தீய இழுங்க!"

கொட்டகை திரும்பிப் பார்த்தது.

"அடி புடிக்குது. இழுங்க!"

"யம்மா, நீ யாரு சொல்றதுக்கு?" கண்ணாயிரம் கவியரசனைப் பார்த்தான். "இன்னா மூக்கு? தண்ணியில நிக்கலியே இன்னும்?"

கவியரசன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு மூச்சு நேரம். அந்த மூச்சை அவன் ஆழமாக உள்ளே இழுத்தான். பழைய பழக்கம். ஒன்றும் வரவில்லை.

"இழுடா," என்றான்.

கண்ணாயிரம் எரிகிற சக்கையை வெளியே வாரினான். கவியரசன் துடுப்பை அடிவரை விட்டுத் துழாவினான். சூட்டிலேயே பாகு இறுகி, அடுத்த சொட்டு தண்ணீரில் உருண்டு நின்றது. நாலு பேர் கொப்பரையைச் சாய்த்து மரத் தொட்டியில் ஊற்றினார்கள். கொப்பரையின் அடித்தட்டில், உள்ளங்கை அளவுக்கு, காப்பி நிறத்தில் ஒரு திட்டு. கருகவில்லை. கருகப் போயிருந்தது.

தங்கதுரை எழுந்து வந்து திட்டைப் பார்த்தார். தொட்டியிலிருந்து ஒரு விரல் வழித்து நக்கினார். நல்ல வெல்லம். கோகிலாவிடம் வந்து நின்றார். அவள் கக்கத்திலிருந்த டப்பாவை வாங்கித் திறந்தார்.

"இன்னாது, பிரெட்டா? யாருக்கு ஜொரம்?"

கோகிலா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்குத்தாங்க." கவியரசன் துடுப்பைச் சாய்த்து வைத்தான். "கார்த்திகையில வந்தது. ஜொரம் போச்சி. போகும்போது மூக்கையும் கூட்டிக்கினு போயிடுச்சி."

கண்ணாயிரம் சிரிக்க வாயெடுத்து, பாதியில் மூடிக்கொண்டான்.

தங்கதுரை டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லாம வந்து கொப்பரை முன்னால நின்ன."

"நின்னேங்க. தப்புதான்."

"என் கொப்பரைய வெச்சி உன் மூக்கு வருதா இல்லியான்னு பாத்துக்கினு இருந்தியா?"

கவியரசன் தலையைக் குனிந்தான். அது உண்மை. தங்கதுரை நாற்காலி வரை போனார். உட்காரவில்லை. திரும்பி நின்றார்.

"வாசனைய கோகிலா சொல்லட்டும். எப்ப சுண்ணாம்பு போடறது, எப்ப எண்ண ஊத்தறது, எப்ப எறக்கறது, அதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நாளைக்கு ரெண்டு பேருமா வர்றதுன்னா வாங்க. தனியா வராத."

அடுத்த கொப்பரைக்குச் சாறு ஓடத் தொடங்கியது. கவியரசன் வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்தான். கோகிலா பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவை நடுவில் வைத்தாள். நேற்று தேவிப்ரியா வீட்டு மாவை வாங்கிப் பிசைந்த பிரெட். பன்னிரண்டாவது.

"கோவமா?" என்றாள்.

"தெர்ல." கொட்டகைப் பக்கம் பார்த்தான். "இனிமே உன்னத்தான் மூக்குன்னு கூப்புடுவானுங்க."

"கூப்புட்டா திரும்பிப் பாக்க மாட்டேன்."

அவன் ஒரு துண்டை எடுத்தான். உடனே வாயில் போடவில்லை. விரலால் ஓரத்தை ஒடித்தான். மொறுக்கென்று சத்தம் வந்தது. காதருகே கொண்டுபோய் இன்னொரு தடவை ஒடித்தான். அப்புறம் மெதுவாக மென்றான்.

"எப்பிடி இருக்கு?"

நல்லாருக்கு என்று அவன் உதடு குவிந்தது. நிறுத்திக்கொண்டான்.

"வாசன ஒண்ணும் தெர்ல. ஓரம் மொறுமொறுன்னு இருக்குது, அது தெரியுது. உள்ள ரொம்ப மெத்துனு கெடக்குது, பல்லுக்கு வேலையே இல்ல." இன்னும் கொஞ்சம் மென்றான். "புளிப்பு ஜாஸ்தி. உப்பு இன்னும் கொஞ்சம் தாங்கும்."

அந்த உப்பு இல்லாத பிரெட்டை விட்டால், முப்பத்தைந்து நாளில் அவன் சொன்ன முதல் குறை. கோகிலா டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எள்ளு வறுத்துப் போட்டா?"

"பல்லுல மாட்டணும். அப்பிடிப் போடு," என்றான் அவன், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே.